மின்சாரத்துடன் திரும்பி வராத நேரம்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்ட கோளாறே அதற்குக் காரணமெனக் கூறப்பட்டமையால் அந்தச் செய்தி வெளிநாடுகளிலும் வேடிக்கையாகப் பேசப்பட்டது. சில மணித்தியாலங்களின் பின்னர் பிரதேசம் பிரதேசமாக மின்சாரம் வந்தது. விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுழன்றன, வழமை நிலை திரும்பிவிட்டதென அனைவரும் ஆறுதலடைந்தனர். ஆனால், மின்சாரத்துடன் தானாகத் திரும்பி வராத ஒன்றும் உண்டு. அது தான் சரியான நேரம்.

சுவர் மணிக்கூடு தன்னுள் இருக்கும் சிறு பற்றரியின் தயவால் மின்தடையைப் பொருட்படுத்தாது ஓடிக்கொண்டிருக்கும். மேசைக் கணினியும் மடிக்கணினியும் தமக்குள் பொருத்தப்பட்டுள்ள தனியான கடிகாரச் சில்லின் மூலம், அணைக்கப்பட்டிருக்கும் வேளையிலும் நேரத்தைக் கணக்கிட்டுக் கொண்டேயிருக்கும். ஆயினும் அண்மைக்காலமாக நம்மத்தியில் பெருகிவரும் உள்ளங்கை அளவிலான சிறு கணினிகள் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது. பாடசாலை மணியை உரிய வேளையில் அடிக்கவும், பள்ளிவாசல்களில் தொழுகை நேரங்களைத் திரையில் காட்டவும், கண்காணிப்புக் கமராவின் பதிவுகளைச் சேமிக்கவும், மழைவீழ்ச்சியையும் ஆற்று நீர்மட்டத்தையும் குறித்து வைக்கவும் இத்தகைய கணினிகள் பொருத்தமானவை. மலிவானவை, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துபவை என்பதால் அவை விரும்பி வாங்கப்படுகின்றன. மின்சாரம் நின்றதும் அவை நேரத்தை மறந்துவிடுகின்றன என்பதை வாங்குவோரில் பலர் அறிவதில்லை.

இவற்றுள் மிகவும் அறியப்பட்டது பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட ராஸ்பெரி பை என்னும் கணினியாகும். 2012 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆம் திகதி அது விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 35 அமெரிக்க டொலர்களாக இருந்தது. மாணவர் கையில் கணினியைக் கொடுக்க வேண்டுமென்ற நோக்கில் ஒவ்வொரு உறுப்பின் செலவும் குறைக்கப்பட்டது. பற்றரியுடன் கூடிய கடிகாரமும் அவ்வாறு தவிர்க்கப்பட்டவற்றுள் ஒன்று. இணையத்துடன் இணைந்திருக்கும் கணினி நேரத்தை அங்கிருந்து பெற்றுக்கொள்ளும் என்பதே அதற்கான நியாயம். 2023 இல் வெளிவந்த அதன் 5 ஆம் மாதிரியில் கடிகாரச் சில்லு சேர்க்கப்பட்ட போதிலும், மின்சாரம் இல்லாத வேளையில் அதனை இயக்கும் பற்றரியைத் தனியாக வாங்கியே இணைக்க வேண்டியுள்ளது.

இது புதிய பிரச்சினை என்றும் சொல்வதற்கில்லை. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் முதலாவது தனியாள் கணினியிலும் பற்றரிக் கடிகாரம் இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கணினியை இயக்கும்போது திகதியையும் நேரத்தையும் தருமாறு அது கேட்கும். சோம்பல் காரணமாகப் பதில் கொடாது விட்டால் அன்றைய தினம் 1980 ஜனவரி 1 என எடுத்துக்கொண்டு தன் வேலையைத் தொடங்கும். அந்நாளைய கணினிகளில் எழுதப்பட்ட எத்தனையோ கடிதங்கள் அதே திகதியைச் சுமந்து நின்றமைக்கு இதுவே காரணம். 1984 இல் வந்த ஏ.ரி. மாதிரியில் பற்றரியுடன் கூடிய கடிகாரம் இடம்பெற்ற பின்னரே இக்குறை நீங்கியது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக நாம் மறந்திருந்த அந்தக் குறை சிறு கணினிகளின் வடிவில் மீண்டும் வந்திருக்கின்றது. அன்றைய கணினி நேரம் தெரியாதபோது மனிதரிடம் கேட்டது; இன்றைய சிறு கணினி கேட்பதில்லை என்பதே வேறுபாடு.

கேட்காத கணினி என்ன செய்கின்றது? யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1 இலிருந்து கடந்துபோன செக்கன்களின் எண்ணிக்கையாகவே நேரத்தைக் கணக்கிடுகின்றன. வேறு தகவல் எதுவும் இல்லாவிடின் கணக்கு பூச்சியத்திலிருந்து, அதாவது 1970 இலிருந்து தொடங்கும். இதனைத் தவிர்ப்பதற்காக ராஸ்பெரி பை கணினியின் மென்பொருளில் ஓர் உபாயம் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்தது. மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும், முறைப்படி அணைக்கப்படும் வேளையிலும் அப்போதைய நேரத்தைச் சேமிப்பகத்தில் எழுதி வைப்பதும், மீண்டும் இயங்கும்போது அந்த நேரத்திலிருந்து தொடர்வதுமே அந்த உபாயம். அதனை எழுதியவர்கள் 'போலிக் கடிகாரம்' என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டமை அவர்களது நேர்மைக்குச் சான்றாகும்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். முற்பகல் 11.17 இற்கு நேரம் எழுதி வைக்கப்பட்டது, 11.30 இற்கு மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டது; மாலை 5.30 இற்குத் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். இயங்கத் தொடங்கும் கணினி தான் விழித்தெழுந்த நேரம் 11.17 என்றே நம்பும். 6 மணித்தியாலமும் 13 நிமிடமும் பிந்திய நேரம் அது. அதுமட்டுமன்றி, 11.17 முதல் 11.30 வரையிலான நேரம் அதன் பதிவேட்டில் இரண்டு தடவைகள் இடம்பெறும். காலையில் நடந்தவையும் மாலையில் நடந்தவையும் ஒரே நேர முத்திரையின் கீழ் அருகருகே அமர்ந்துவிடும். 1970 என்ற திகதியைக் காண்பவர் அது பிழையென உடனே உணர்ந்துகொள்வார். அன்றைய திகதியையும் நம்பத்தக்கதொரு நேரத்தையும் காண்பவருக்குச் சந்தேகம் எழுவதற்கு இடமேயில்லை. உண்மையைப் போலத் தோன்றும் பிழையே ஆபத்தானது.

சில மணித்தியாலப் பிழையால் என்ன வந்துவிடப் போகின்றது எனச் சிலர் கேட்கலாம். ரமழான் மாதத்தின் அதிகாலை வேளையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸஹர் உணவை முடித்துக்கொள்வதற்குப் பள்ளிவாசலின் திரையை நம்பியிருக்கும் ஒருவருக்கு, பிந்திய கடிகாரம் ஸுபஹ் நேரம் வந்த பின்னரும் இன்னும் அவகாசம் இருப்பதாகவே காட்டும். மாலையில் முந்திய கடிகாரமோ சூரியன் மறையும் முன்னரே நோன்பு திறக்கச் செய்துவிடும். பல மணித்தியாலப் பிழையை எவரும் வானத்தைப் பார்த்தே கண்டுகொள்வர். பத்து நிமிடப் பிழையை யார் கண்டுகொள்வது? ஆலயத்தில் முகூர்த்த வேளைக்கும், பரீட்சை மண்டபத்தில் மாணவருக்குக் கிடைக்கும் இறுதி நிமிடங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

வெள்ள எச்சரிக்கை இதனினும் பாரதூரமானது. ஆற்றின் மேற்பகுதியில் நீர்மட்டம் உச்சத்தைத் தொட்ட நேரத்தையும் கீழ்ப்பகுதியில் உச்சத்தைத் தொட்ட நேரத்தையும் ஒப்பிட்டே வெள்ளம் அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது அறியப்படுகின்றது. அடுத்த முறை மேற்பகுதியில் நீர் உயரும்போது தாழ்நில மக்களுக்கு எத்தனை மணித்தியால அவகாசம் உண்டென்று சொல்வதற்கு அந்தக் கணக்கே அடிப்படை. இரு இடங்களிலுமுள்ள கருவிகளின் நேரம் தம்முள் ஒரு மணித்தியாலம் வேறுபட்டிருந்தால், மக்களுக்குச் சொல்லப்படும் அவகாசமும் ஒரு மணித்தியாலம் பிழைத்துவிடும். மழையும் காற்றும் கடுமையாக உள்ள நாட்களிலேயே மின்சாரமும் அடிக்கடி தடைப்படுகின்றது. அதாவது, நேரம் மிகவும் தேவைப்படும் நாளிலேயே அது தவறிப்போகும் வாய்ப்பு அதிகம்.

நீதிமன்றத்துக்கும் இதனோடு தொடர்புண்டு. கணினியில் உள்ள பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வழிசெய்தது. கணினி உரிய முறையில் இயங்கியிருக்க வேண்டுமென்பது அதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாகும். ஒருவர் குறித்த வேளையில் குறித்த இடத்தில் இருந்தாரா இல்லையா என்பதைக் கமராப் பதிவின் மூலையிலுள்ள நேரம் தீர்மானிக்குமாயின், அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஒரு மனிதரின் சுதந்திரத்தைப் பற்றிய கேள்வியாகிவிடுகின்றது.

இனிப் பரிகாரங்களைப் பார்ப்போம். முதலாவது, இணையத்திலிருந்து நேரத்தைப் பெறுவது. அமெரிக்காவின் டெலாவெயார் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கியவரும் 2024 ஜனவரியில் காலமானவருமான டேவிட் மில்ஸ் வகுத்த 'என்.ரி.பி.' என்னும் நெறிமுறையே இதற்கு அடிப்படை. 1985 இல் வெளியிடப்பட்ட அது பலமுறை திருத்தப்பட்டு இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. நேரத்தைக் கேட்டு அனுப்பும் செய்தி போய்ச் சேரவும் பதில் வந்து சேரவும் சிறிது நேரம் செல்லும். அதற்குள் பதிலில் சொல்லப்பட்ட நேரம் பழையதாகிவிடுமே என்பது தான் சிக்கல். இதனைத் தீர்க்க நான்கு நேரங்கள் குறிக்கப்படுகின்றன: கேள்வி புறப்பட்ட நேரம், அது போய்ச் சேர்ந்த நேரம், பதில் புறப்பட்ட நேரம், அது வந்து சேர்ந்த நேரம். போகவும் வரவும் வழியில் கழிந்த மொத்த நேரத்தைக் கண்டு, அதில் பாதியைப் பதிலிலுள்ள நேரத்துடன் கூட்டினால் உண்மை நேரம் கிடைத்துவிடும். பயணத்தில் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு கழிந்திருந்தால் இருபதில் ஒரு பங்கு கூட்டப்படும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுத்தன என்ற அனுமானத்தில் எழும் சிறு பிழையே இதில் எஞ்சும். அன்றாடத் தேவைகளுக்கு அது பொருட்டல்ல.

சிறிய பிழையாயின் கணினி தன் கடிகாரத்தை ஒரேயடியாக மாற்றாது, அதன் வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ மெல்ல மெல்லச் சரிசெய்யும். நேரம் பின்னோக்கிப் பாய்ந்தால் ஒரே நிமிடம் இரு தடவை வந்துவிடும் என்பதே அதற்குக் காரணம். பிழை பெரிதாயின் பாய்வதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வாறு முன்னோக்கிப் பாயும்போது இடைப்பட்ட வேளையில் அடிக்க வேண்டிய மணி அடிக்காமலே போய்விடக்கூடும்.

இணையத்தை மட்டும் நம்புவதில் வேறொரு சங்கடமும் உண்டு. மின்சாரம் வந்தாலும் இணைய இணைப்பு உடனே வந்துவிடுவதில்லை. தொலைதூரக் கிராமங்களில் இணைப்பே இல்லாதிருக்கலாம். மேலும், இணையத்தில் பாதுகாப்பாகத் தொடர்புகொள்வதற்கே சரியான நேரம் தேவைப்படுகின்றது. இணையத்தளங்கள் தம்மை உறுதிப்படுத்தக் காட்டும் சான்றிதழ்கள் குறித்த திகதி முதல் குறித்த திகதி வரையே செல்லுபடியாகும். தன் நேரம் பல மாதங்கள் பின்தங்கியிருப்பதை அறியாத கணினி, அந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லையெனக் கூறித் தொடர்பை மறுத்துவிடும். இணைய முகவரிகளைக் கையொப்பத்தின் மூலம் சரிபார்க்கும் ஏற்பாடு உள்ள இடங்களில், நேரம் தரும் சேவையகத்தின் முகவரியைக் கண்டறியவும் நேரம் வேண்டும். நேரத்தைப் பெற நேரம் தேவை என்ற இந்தச் சிக்கலிலிருந்து தப்புவதற்கேனும் ஓரளவு சரியான நேரம் கணினியிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

எனவே தான் இரண்டாவது பரிகாரம் அவசியமாகின்றது. கடிகாரச் சில்லும் நாணய வடிவப் பற்றரியும் கொண்ட சிறு பலகையொன்றைக் கணினியுடன் இணைத்துவிடலாம். கைக்கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற குவாட்ஸ் பளிங்கொன்று செக்கனுக்கு 32,768 தடவைகள் அதிர்கின்றது. அந்த எண்ணை அடுத்தடுத்து 15 தடவைகள் இரண்டாகப் பிரித்தால் ஒன்று எஞ்சும். அதுவே ஒரு செக்கன். சாதாரணச் சில்லுகளில் இவ்வதிர்வு பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழைத்தால் நாளொன்றுக்கு 1.7 செக்கன், அதாவது மாதமொன்றுக்கு ஏறத்தாழ 50 செக்கன் வேறுபாடு ஏற்படும். இத்தகைய பளிங்குகள் ஏறத்தாழ 25 பாகை வெப்பநிலையில் சரியாக இயங்குமாறு அமைக்கப்பட்டவை. அதனைவிட வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் அவை தாமதிக்கும். மன்னாரிலோ அம்பாந்தோட்டையிலோ வெயிலில் வைக்கப்பட்ட மூடிய பெட்டியொன்று 50 பாகையைத் தொட்டால், அந்த வெப்பத்தினால் மட்டும் அத்தகைய கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 செக்கன் பின்தங்கும்.

டி.எஸ். 3231 என்னும் சில்லு தன் வெப்பநிலையைத் தானே அளந்து அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. 0 முதல் 40 பாகை வரையிலான வெப்பநிலையில் அதன் பிழை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு மேற்படாது. நம் நாட்டின் காலநிலைக்கு இத்தகையதே பொருத்தமானது. ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். மலிவாகக் கிடைக்கும் சில பலகைகளில் பற்றரியை மின்னேற்றும் சுற்று அமைந்துள்ளது. மின்னேற்ற முடியாத சீ.ஆர். 2032 வகைப் பற்றரியை அதில் இடுவது ஆபத்தை விளைவிக்கலாம். விற்பவரிடம் விசாரித்தே வாங்க வேண்டும்.

மூன்றாவது பரிகாரம் செய்மதியிலிருந்து நேரத்தைப் பெறுவது. வழிகாட்டும் ஜி.பி.எஸ். செய்மதிகள் ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரங்கள் உள்ளன. இணையமே இல்லாத இடத்திலும் வானம் தெரியுமாயின் மிகத் துல்லியமான நேரத்தை அவற்றிலிருந்து பெறலாம். இதற்கும் தனக்கேயுரிய குறைகள் உண்டு. பழைய வாங்கிகள் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை வாரக் கணக்கைப் பூச்சியத்திலிருந்து தொடங்குவதால், 2019 ஏப்ரலில் அவற்றுட் சில ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்சென்று திகதி காட்டின.

சரியான நேரத்தைப் பெற்ற பின்னரும் அதனை எவ்வாறு எழுதி வைப்பது என்ற கேள்வி எஞ்சுகின்றது. இதன் பொருளை இலங்கையருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மின்சார நெருக்கடியின் போது 1996 மே மாதத்தில் நம் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னோக்கி வந்தோம். 2006 ஏப்ரலில் மீண்டும் அரை மணித்தியாலம் பின்வாங்கி, கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நிலைக்குத் திரும்பினோம். 1996 இல் செய்யப்பட்ட மாற்றம் அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் ஏற்கப்படவில்லை. ஒரே நாட்டில் இரு நேரங்கள் ஓடின. பழைய நேரமா, புதிய நேரமா எனக் கேட்டே பயணங்களை ஒழுங்குசெய்த காலம் அது. அக்காலப் பதிவேடொன்றில் வெறுமனே 'காலை 8 மணி' என்று எழுதப்பட்டிருந்தால் அது எந்த 8 மணி என்பதை இன்று எவரால் கூற முடியும்? எனவே, கணினி தன் பதிவுகளைச் சர்வதேசப் பொது நேரத்திலேயே எழுதி வைத்து, மனிதருக்குக் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற வேண்டும். அரசாங்கம் நாளை நேரத்தை மாற்றினாலும் நேற்றைய பதிவுகள் குழம்பாதிருக்க அதுவே வழி.

இவை அனைத்துக்கும் மேலாக நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுண்டு. நேரம் தெரியாத கணினி தெரிந்ததுபோல் காட்டக் கூடாது. சரியான நேரம் கிடைக்கும் வரை திரையில் வெறும் கோடுகளையே காட்டுமாறு தொழுகை நேரப் பலகையை அமைக்க முடியும். நீர்மட்டக் கருவி, தான் இயங்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை செக்கன் கடந்தது என்பதை மட்டும் பதிந்து வந்து, உண்மை நேரம் கிடைத்ததும் முந்திய பதிவுகளுக்கு உரிய நேரத்தைக் கணக்கிட்டு இட முடியும். ஒவ்வொரு பதிவின் அருகிலும் அந்த நேரம் சரிபார்க்கப்பட்டதா இல்லையா என்ற குறிப்பையும் சேர்க்கலாம். இதற்கு மேலதிகப் பணம் தேவையில்லை. மென்பொருளை எழுதுபவரின் சிறிது அக்கறையே போதுமானது.

ஆகவே பாடசாலை அதிபர்களும், பள்ளிவாசல் மற்றும் ஆலய நிர்வாக சபையினரும், உள்ளூராட்சி மன்றங்களும் இத்தகைய கருவிகளை வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது இது நேரத்தை எங்கே வைத்திருக்கும்? பிழைத்தால் எங்கிருந்து திருத்திக்கொள்ளும்? நேரம் தெரியாதபோது என்ன செய்யும்? விற்பவர் தரும் விடையோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, மின்செருகியையும் பிடுங்கிவிட்டு, அரை மணித்தியாலம் பொறுத்திருந்து மின்செருகியை மட்டும் மீண்டும் செருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கருவி காட்டும் நேரம் சுவர் மணிக்கூட்டுடன் ஒத்திருந்தால் நல்லது; கோடுகளை மட்டும் காட்டினாலும் பாதகமில்லை. அரை மணித்தியாலத்துக்கு முந்திய நேரத்தை அது காட்டுமாயின், சில நூறு ரூபா பெறுமதியான கடிகாரப் பலகையொன்றை அதனுடன் இணைத்துத் தருமாறு விற்பவரைக் கேட்ட பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும்.